மைதானத்துக்குப் போகிற தம்பிகளுக்கு

மாஹிம், தாராவியிலிருந்து தோளில் கிட்பேக்கோடு சிவாஜி பார்க் வலைப்பயிற்சிக்கு நடக்கிற தம்பிகளுக்கு, கேட்காமலே சொல்கிறேன்.

1. ஐபிஎல் ஏலத்தைப் பார்த்துக் காலேஜை விடாதீர்கள். சென்னைக்காரர் சி.டி. கோபிநாத் 1951 டிசம்பரில் நம்மூர் மும்பையின் பிரபோர்ன் ஸ்டேடியத்தில் தன் முதல் டெஸ்டில் ஆட்டமிழக்காமல் 50, அடுத்த இன்னிங்ஸில் 42 எடுத்தார். இரண்டே மாதத்தில் சேப்பாக்கத்தில் இந்தியா முதன்முதலாக டெஸ்ட் வென்ற அணியிலும் இருந்தார். இவ்வளவுக்கும் ஆடியது மொத்தம் 8 டெஸ்ட். 1960இல், முப்பது வயதுக்குள், டெஸ்ட் ஆட்டம் முடிந்தது. ஆனால் கார்டன் உட்ரோஃப் கம்பெனியில் அவருக்கு வேலை இருந்தது. அங்கேயே பெரிய பொறுப்புக்கு உயர்ந்தார்.

2. கம்பெனி அணிகள் மோதும் டைம்ஸ் ஷீல்டு ஆட ஆபீஸில் வேலைக்கு எடுத்தால் சந்தோஷம்தான். கையெழுத்துப் போட்டுவிட்டு நேரே மைதானம் போகும் பழக்கம் மட்டும் வேண்டாம். பக்கத்து மேஜைக்காரர் என்ன எழுதுகிறார், எந்த பில் யாருக்குப் போகிறது என்று தினம் ஒரு மணி நேரமாவது கவனியுங்கள். ஆட்டக்காரர்களுக்காகவே வேலை வைத்திருந்த பல கம்பெனிகளில் இன்று அணியே இல்லை.

3. ஆட்டத்தில் கிடைத்த பெயரை நம்பிக் கடன் வாங்காதீர்கள்.

4. எப்போது நிறுத்துவது? விஜய் மெர்ச்சன்டைப் பாருங்கள். முதல்தர ஆட்டத்தில் சராசரி 71.64, பிராட்மனுக்கு அடுத்த இடம் என்று சொல்வார்கள். 1951 நவம்பரில், நாற்பது வயதில், டெல்லியில் இங்கிலாந்துக்கு எதிராக 154 அடித்தார். ஃபீல்டிங்கில் தோள்பட்டையில் அடிபட்டது. அதோடு டெஸ்ட் ஆட்டத்தை விட்டார். அடுத்த டெஸ்டில்தான் கோபிநாத் அறிமுகமானார். மெர்ச்சன்ட் அதன்பின் குடும்ப மில்களையும் பார்வையற்றோருக்கான தொண்டையும் கவனித்தார். ஒன்றை மறைக்கக் கூடாது: அவருக்கு மில் இருந்தது. தாராவி நைன்ட்டி ஃபீட் ரோட்டில் பிறந்தவனுக்கு அது கிடையாது. அதனால் அவர் நாற்பதில் யோசித்ததை நீங்கள் இருபதிலேயே யோசிக்க வேண்டும்.

5. ஆடி முடித்தவர்கள் பலருக்கும் முதலில் தோன்றுவது ஸ்போர்ட்ஸ் கடை. மட்டை பிடிக்கத் தெரிவது வேறு, மட்டை விற்கத் தெரிவது வேறு. தோபி தலாவ் பக்கம் ஒரு கடையில் சாயங்காலம் நின்று பாருங்கள். பையன் ஒருவன் வந்து நாலு மட்டையைத் தட்டிப் பார்ப்பான், தூக்கிப் பார்ப்பான், நிழல் ஆட்டம் ஆடுவான், "அப்பாவைக் கூட்டிட்டு வரேன்" என்று போய்விடுவான். முதலாளி முகம் மாறாமல் நாலையும் துடைத்து ரேக்கில் வைப்பார். அந்தப் பொறுமை உங்களுக்கு உண்டா? கூட ஆடியவன் "அடுத்த மாசம் தரேன்டா" என்று கிளவுஸை எடுத்துப் போகும்போது இல்லை என்று சொல்ல வாய் வருமா?

6. மழைக்காலத்தில் நடக்கும் காங்கா லீகில் ஆட்டம் நின்று போகிற ஞாயிறுகள் நிறைய வரும். அன்று கூடாரத்தில் உட்கார்ந்து சீட்டாடாமல், தெரிந்த கடைக்காரர் ஒருவரிடம் போய், சம்பளம் வேண்டாம், கணக்கு எழுத மட்டும் சொல்லிக் கொடுங்கள் என்று கேளுங்கள்.