தேறுவானா?

அன்புள்ள முகிலன்,

கட்டுரை வந்தது. எழுத்தில் துடிப்பு இருக்கிறது, மறுக்கவில்லை. ஆனால் அணி மாறி மூன்று வாரம்கூட ஆகாத ஒரு பையனை முதல் பத்தியிலேயே "தேறாத கேஸ்" என்று எழுதி ஃபைலை மூடிவிட்டாய். கடைசிப் பத்தியில் அவனை வாங்கிய மேனேஜருக்குப் புத்திமதி வேறு. பொழுதுபோக்கு என்றால் சிரித்துவிட்டுப் போயிருப்பேன். விளையாட்டு எழுத்தைத்தான் தொழிலாக எடுக்கப்போகிறேன் என்று அக்காவிடம் சொல்லியிருக்கிறாயாமே. அதனால்தான் இந்தக் கடிதம்.

உன் பையனின் கதை இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது. பாதிப் படத்துக்கு விமர்சனம் வேண்டாம். ஓரளவு முடிவு தெரிந்த ஒருவனை எடுத்துக்கொள்வோம்: மார்கெல் ஃபுல்ட்ஸ்.

2017 என்பிஏ டிராஃப்டில், அதாவது கூடைப்பந்து அணிகள் வரிசைப்படி இளம் ஆட்டக்காரர்களை எடுக்கும் தேர்வில், அவன் முதல் ஆள். அந்த இடத்துக்கு ஏறுவதற்காக பிலடெல்பியா செவன்டிசிக்ஸர்ஸ் தன்னிடமிருந்த மூன்றாம் இடத்தையும், கூடவே பின்னாளைய முதல் சுற்றுத் தேர்வு ஒன்றையும் பாஸ்டனுக்குக் கொடுத்தது. பாஸ்டன் அந்த மூன்றாம் இடத்தில் ஜேசன் டேட்டத்தை எடுத்தது. அங்கேயே ஃபுல்ட்ஸின் தலையில் ஒரு சுமை ஏறிவிட்டது. இனி அவன் எது செய்தாலும் பக்கத்தில் டேட்டத்தை நிறுத்திப் பார்ப்பார்கள்.

பிறகு நடந்தது உனக்குத் தெரியும். கல்லூரியில் மூன்று புள்ளி எறிதல்களில் நூற்றுக்கு 41 போட்டவன், என்பிஏ-வின் முதல் பருவம் முழுக்க அங்கிருந்து ஒரே ஒரு தடவைதான் எறிந்தான். 14 ஆட்டம்தான் ஆடினான். ஃப்ரீ த்ரோவில் பாதிகூட விழவில்லை. 2018 நவம்பரில் ஃப்ரீ த்ரோ கோட்டில் நின்று, எறியப்போய், நடுவில் தடைபட்டு, மறுபடி எறிந்தானே, அந்த வீடியோவைப் பார்த்து ஊரே சிரித்தது. பையனுக்கு மனசில்தான் கோளாறு என்று ஆளாளுக்கு வைத்தியம் சொன்னார்கள். டிசம்பரில் மருத்துவர்கள் சொன்னது வேறு: தொராசிக் அவுட்லெட் சிண்ட்ரோம். கழுத்தெலும்புக்கும் முதல் விலா எலும்புக்கும் நடுவே தோளுக்குப் போகும் நரம்புகள் நசுங்குவது. கை சொன்னபடி கேட்காது. 2019 பிப்ரவரியில் அவனை ஆர்லாண்டோ மேஜிக்குக்குத் தள்ளிவிட்டார்கள். பதிலுக்கு வந்தது ஜோனதன் சிம்மன்ஸ் என்ற மாற்று ஆட்டக்காரர், ஒரு முதல் சுற்றுத் தேர்வு, ஓர் இரண்டாம் சுற்றுத் தேர்வு.

இந்த மாதிரி ட்ரேட் நடந்தால் நாம் என்ன செய்கிறோம்? "கூடவே வைத்திருந்தவர்களே விற்றுவிட்டார்கள், அவர்களுக்குத் தெரியாதா?" என்கிறோம். உன் கட்டுரையின் மூன்றாம் பத்தியும் இதுதான். விற்றவனுக்குப் பையனைத் தெரியும், சரி. ஆனால் விற்றவனுக்கு அவசரமும் இருக்கும், அதையும் பார்க்கவேண்டும். பிலடெல்பியா அந்தப் பருவத்தில் நவம்பரில் ஜிம்மி பட்லரை வாங்கியது, பிப்ரவரியில் டோபயஸ் ஹாரிஸை வாங்கியது. அந்தக் கோடையிலேயே கோப்பை வேண்டும் என்று நின்ற அணி அது. தோள் குணமாகும் வரை இருபது வயதுப் பையனுக்காகக் காத்திருக்க அவர்களுக்கு நேரமில்லை. இன்னொன்று, முதல் சுற்றில் வருபவனின் ஒப்பந்தத்தில் மூன்றாம், நான்காம் ஆண்டுகளை நீட்டிப்பதா என்று அணி முன்கூட்டியே முடிவு செய்யவேண்டும். நான்காம் ஆண்டு தொடங்குமுன் பெரிய ஒப்பந்தப் பேச்சு வந்துவிடும். தடுமாறும் பையன்களை இரண்டாம், மூன்றாம் ஆண்டில் கைமாற்றுவதற்குப் பாதிக் காரணம் இந்தக் காலண்டர்.

அடுத்து, யாருடன் ஆடினான் என்று பார். பிலடெல்பியாவில் பந்தைக் கொண்டுபோகும் இன்னொருவன் பென் சிம்மன்ஸ். அவனும் தூரத்திலிருந்து எறியமாட்டான். இருவரையும் ஒன்றாக இறக்கினால் எதிரணித் தடுப்பாளர்கள் இருவரையும் விட்டுவிட்டு உள்ளே வந்து அணியின் சென்டர் எம்பீடைச் சூழ்ந்துகொள்வார்கள். ஆர்லாண்டோவில் சென்டர் நிக்கோலா வூச்சவிச் வெளியே வந்து மூன்று புள்ளி எறிபவர். உள்ளே வழி திறந்தது. 2019-20 பருவத்தில் ஃபுல்ட்ஸ் 72 ஆட்டம் ஆடினான், ஆட்டத்துக்குச் சராசரி 12.1 புள்ளி. அந்த ஜனவரியில் லேக்கர்ஸ் மைதானத்திலேயே 21 புள்ளி, 11 ரீபவுண்ட், 10 அசிஸ்ட் எடுத்து ஜெயித்துக் கொடுத்தான். மூன்று புள்ளி எறிதல் மட்டும் நூற்றுக்கு 27-ஐக்கூட எட்டவில்லை.

ஆகவே இடம் மாறினால் எல்லாம் சரியாகிவிடும் என்றும் எழுதிவிடாதே. அது உன் தலைமுறைக்குப் பிடித்த இன்னொரு வசனம். ஜெர்மெய்ன் ஓ'நீல் உதாரணத்தை எல்லோரும் நீட்டுவார்கள்: பள்ளியிலிருந்து நேராக வந்து போர்ட்லாண்டில் நான்கு வருஷம் பெஞ்சைத் தேய்த்தவன், கடைசி வருஷம் ஆட்டத்துக்குப் பன்னிரண்டு நிமிடம்தான் கிடைத்தது, 2000-இல் இண்டியானாவுக்குப் போய் ஆறு தடவை ஆல்-ஸ்டார் ஆனான். சரி. டார்கோ மிலிசிச்சையும் சொல்லவேண்டாமா? 2003-இல் இரண்டாம் ஆள், கார்மெலோ ஆந்தனிக்கும் டுவெய்ன் வேடுக்கும் முன்னால் எடுக்கப்பட்டவன். டெட்ராய்ட்டில் நிமிடங்களே தரவில்லை என்று அவனுக்காக வாதாடாத ஆள் இல்லை. 2006-இல் ஆர்லாண்டோ வாங்கியது, பிறகு மெம்பிஸ், மின்னசோட்டா. நிமிடங்கள் கிடைத்தன. ஒரு பருவத்தில் அவன் எட்டிய உச்ச சராசரி 8.8 புள்ளி. ஓ'நீலுக்கு இல்லாதது வாய்ப்பு. டார்கோவுக்கு வாய்ப்பு வந்தபோதும் ஆட்டம் வரவில்லை. ட்ரேட் நடந்த அன்று இரண்டு பேரும் வெளியிலிருந்து பார்ப்பவனுக்கு ஒரே மாதிரிதான் தெரிந்திருப்பார்கள், அதுதான் சிக்கல்.

பின் எதைப் பார்ப்பது? நான் முதலில் பார்ப்பது ஃப்ரீ த்ரோ. பதினைந்தடி தூரம், எதிரில் யாரும் கையை நீட்டுவதில்லை, பயிற்சியாளரின் திட்டம் அங்கே நுழையாது, கூட ஆடுபவனைக் குறை சொல்லவும் முடியாது. மூன்று புள்ளிச் சதவீதத்தை வைத்து இளம் ஆட்டக்காரனை எடைபோட்டால் கை சுட்டுக்கொள்வாய், எண்ணிக்கை அவ்வளவு குறைவு. டைரீஸ் மேக்சியைப் பார். கென்டக்கியில் ஒரு பருவம். மூன்று புள்ளி 113 எறிந்து 33 போட்டான், நூற்றுக்கு 29. எறியத் தெரியாத பையன் என்று பெயர் வாங்கி 2020 டிராஃப்டில் 21-ஆம் இடம் வரை இறங்கினான். இன்னும் பத்துப் பந்து விழுந்திருந்தால் அதே சதவீதம் 38 ஆகியிருக்கும், பேச்சே மாறியிருக்கும். ஃப்ரீ த்ரோவில் அப்போதே அவன் நூற்றுக்கு 83. இரண்டாம் என்பிஏ பருவத்தில் மூன்று புள்ளியில் 42.7. ஃபுல்ட்ஸுக்கு இதே கணக்கைத் திருப்பிப் போட்டுப் பார்: கல்லூரியில் மூன்று புள்ளியில் அந்த அழகான 41 இருந்தபோது ஃப்ரீ த்ரோ வெறும் 65 சதவீதம். தோள் கெடுவதற்கு முன்பே அந்த எறிதல் நாம் நினைத்த அளவு திடமானதாக இருக்கவில்லை. இதை வேதவாக்காக எடுக்காதே. ஆனால் நூறு வர்ணனையாளர்கள் பேசுவதைவிட இந்த ஒரு எண் ஒழுங்காகப் பேசும்.

அப்புறம் பந்து கையில் இல்லாத நேரம். தப்பு செய்த அடுத்த பத்து விநாடி அவன் எங்கே ஓடுகிறான்? பின்னால் திரும்பித் தடுக்க ஓடுகிறானா, நடுவரைப் பார்த்துக் கையை விரிக்கிறானா? தடுப்பில் கால் நகர்கிறதா, கைதான் நீள்கிறதா? சக ஆட்டக்காரன் எறியத் தயாரான கணத்தில் பாஸ் போய்ச் சேருகிறதா, ஒரு துளி தாமதமாகவா? ஃபுல்ட்ஸுக்கு எறிதல் இல்லாத நாட்களிலும் இந்தக் கண் இருந்தது. 2018 ஏப்ரலில், எறியவே அஞ்சிய அந்தப் பருவத்தின் கடைசி ஆட்டத்தில், அதுவரை யாரும் எடுக்காத இளம் வயதில் டிரிபிள் டபுள், அதாவது புள்ளி, ரீபவுண்ட், அசிஸ்ட் மூன்றிலும் இரட்டை இலக்கம், எடுத்தான். அதைப் புள்ளிவிவரப் புத்தகத்தில் ஒரு சாதனையாகப் பார்த்தவர்கள் உண்டு. பாஸ்களைப் பார்த்தவர்கள் ஆர்லாண்டோவில் உட்கார்ந்திருந்தார்கள் போலும்.

அணி மாறியவுடன் வரும் முதல் சில வாரங்களைக் கணக்கில் சேர்க்காதே. நட்ட பயிர் பச்சை பிடிக்க நாளாகும். பிடுங்கிப் பிடுங்கி வேர் விட்டதா என்று பார்ப்பவன் விவசாயி இல்லை. புதிய அழைப்புகள், புதிய தடுப்பு முறை, ஹோட்டல் அறை. நல்ல ஆட்டமும் அந்த நாட்களில் ஏமாற்றும்: எதிரணிகளுக்கு அவன் புதிய இடத்தில் என்ன செய்வான் என்று இன்னும் தெரியாது, தெரிந்ததும் அடைப்பார்கள்.

கடைசியாக விலை. இதில்தான் உன் கட்டுரை அதிகம் சறுக்குகிறது. டிராஃப்ட் எண்ணைப் பையனின் கழுத்தில் கட்டியே வைத்திருக்கிறாய். ட்ரேட் நடந்த அன்றே அந்த விலை அழிந்து புது விலை எழுதப்படுகிறது. ஃபுல்ட்ஸ் முதல் இடத்துக்குத் தகுந்தவனாக ஆனானா? இல்லை. 2021 ஜனவரியில் முழங்கால் தசைநார் கிழிந்து ஓராண்டுக்கு மேல் வெளியே உட்கார்ந்தான். திரும்பி வந்து 2022-23-இல் ஆட்டத்துக்கு 14 புள்ளி எடுத்தான், அதுதான் உச்சம். டேட்டத்தின் பக்கத்தில் வைத்தால் ஏமாற்றம். ஆர்லாண்டோ கொடுத்த விலைக்குப் பக்கத்தில் வைத்தால் சில ஆண்டுகளுக்கு ஒரு நல்ல பாயிண்ட் கார்டு. நட்சத்திரம், உதவாக்கரை என்ற இரண்டு பெட்டி மட்டும் வைத்துக்கொண்டு உட்கார்ந்தால் அவனை எதில் போடுவாய்? என்பிஏ-வில் சம்பளம் வாங்குபவர்களில் பெரும்பாலானவர்கள் இந்த இரண்டிலும் அடங்காதவர்கள், மாப்பிள்ளை.

பிலடெல்பியா ஏமாந்தது என்று இப்போது நீ எழுத ஓடுவாய் என்பதால் இதையும் சொல்லிவிடுகிறேன். ஃபுல்ட்ஸுக்குப் பதிலாக வந்த அந்த முதல் சுற்றுத் தேர்வுதான் 2020-இல் 21-ஆம் இடமாக மாறியது. அதில் அவர்கள் எடுத்தது மேக்சியை. 2024-இல் ஆல்-ஸ்டார்.

கட்டுரையைத் திருப்பி அனுப்புகிறேன். தலைப்பை மாற்று, மேனேஜருக்கான பத்தியை வெட்டு. பையன் புது அணியில் ஒரு முப்பது ஆட்டம் ஆடட்டும். அதற்குள் அவன் ஃப்ரீ த்ரோ கணக்கைக் கல்லூரியிலிருந்து எடுத்து ஒரு தாளில் எழுதிவை, பழைய அணியில் யாருடன் எத்தனை நிமிடம் ஆடினான் என்பதையும். இரண்டையும் கொண்டுவந்தால் பொங்கலுக்கு வரும்போது உட்கார்ந்து பேசலாம். பந்தயம் வேண்டுமானால் கட்டிக்கொள்ளலாம், அக்காவுக்குத் தெரியாமல்.

அன்புடன்,
மாமா