‘அவனு’க்குச் சூடு தெரியுமா?

ஃபிரிட்ஜிலிருந்து எடுத்த சாம்பாரை மைக்ரோவேவில் இரண்டு நிமிடம் வைக்கிறோம். ஓரம் தளதளவென்று கொதிக்கிறது. நடுவில் கிடக்கும் உருளைக்கிழங்கைக் கடித்தால் ஜில்லென்று பல் கூசுகிறது. “இவ்வளவு காசு கொடுத்து வாங்கியிருக்கே, எது சூடாச்சு எது ஆகலைன்னு அதுக்குத் தெரியாதா?” என்று என் மாமியார் ஒருநாள் கேட்டார். தெரியாது என்பதுதான் உண்மை. நம் வீடுகளில் இருக்கும் பெரும்பாலான அவன்களுக்குத் தெரிந்ததெல்லாம் கடிகாரம் மட்டுமே. சொன்ன நேரம் ஓடும், மணி அடிக்கும், நிற்கும். உள்ளே இருப்பது பாயசமா பச்சைத் தண்ணீரா என்றுகூட அதற்குக் கவலை இல்லை. சூடு பார்க்கும் சென்சார் வைத்த ரகங்களும் இருக்கின்றன; ஆனால் அவற்றுக்கும் சில பிடிவாதங்கள் உண்டு. இரண்டு ரகத்துக்கும் சேர்த்தே இந்தக் குறிப்புகள்.

1. முதலில் உங்களுடையது எந்த ரகம் என்று பாருங்கள். பொத்தான் பலகையிலோ கையேட்டிலோ ‘சென்சார்’ என்ற சொல் இருந்தால் அது உணவைக் கவனிக்கும் அவன். ‘ஆட்டோ குக்’ என்று மட்டும் போட்டு, எத்தனை கிராம் என்று உங்களிடமே கேட்டால், அது எதையும் உணரவில்லை. இத்தனை கிராமுக்கு இத்தனை நிமிடம் என்று உள்ளே எழுதி வைத்த பட்டியலைப் பார்த்து ஓடுகிறது. அரை கிலோவைக் கால் கிலோ என்று சொன்னால் நம்பிவிடும், பாவம். ‘கன்வெக்‌ஷன் 180 டிகிரி’ என்று காட்டுகிறதே என்பீர்கள். அது கேக் சுடும்போது உள்ளே சுழலும் காற்றின் சூடு. கேக்கின் சூடு அல்ல. சாதாரண மைக்ரோவேவ் முறையில் அந்தக் காற்றுச் சூட்டை வைத்து உணவைப் பற்றி ஒன்றும் சொல்ல முடியாது.

2. உங்கள் அவனுக்குள் எங்கே சுடும், எங்கே சுடாது என்று கண்ணால் பார்க்க ஓர் அப்பளம் போதும். சுழலும் கண்ணாடித் தட்டையும் அதன் கீழுள்ள சக்கர வளையத்தையும் எடுத்துவிட்டு, நடுவிலுள்ள குமிழில் படாதபடி ஒரு பீங்கான் தட்டைக் கவிழ்த்து வைத்து, அதன்மேல் பெரிய உளுந்து அப்பளத்தைப் பரப்புங்கள். இருபது, முப்பது விநாடி போதும். பக்கத்திலேயே நில்லுங்கள், கருகிவிடும். அப்பளம் முழுதும் ஒன்றாகப் பொரியாது. அங்கங்கே வெள்ளையாகப் பொங்கியும் இடையிடையே பச்சையாகவும் திட்டுத் திட்டாக நிற்கும்.

காரணம் இதுதான். அவனுக்குள் பாயும் அலையின் அதிர்வெண் 2450 மெகா ஹெர்ட்ஸ், நீளம் சுமார் 12 சென்டிமீட்டர். உலோகச் சுவர்களில் மோதித் திரும்பும் அலைகள் ஒன்றோடொன்று கலந்து, சில இடங்களில் பலமாகவும் சில இடங்களில் ஒன்றுமில்லாமலும் நிலைகொண்டுவிடுகின்றன. பலமான இடங்களுக்கு நடுவே அலையின் பாதி நீளம், அதாவது ஏறக்குறைய 6 சென்டிமீட்டர் இருக்கும். பொங்கிய திட்டுகளை ஸ்கேலால் அளந்து இரண்டால் பெருக்கி, அதை அதிர்வெண்ணால் பெருக்கினால் ஒளியின் வேகம் கிட்டத்தட்ட வந்துவிடும். பிளஸ் டூ படிக்கும் பிள்ளை இருந்தால் செய்து பார்க்கச் சொல்லுங்கள், அப்பளம் வீணாகாது.

இந்த அடுப்பு பிறந்த கதையிலும் இப்படி ஒரு தின்பண்டம் வருகிறது. 1945-இல் அமெரிக்காவின் ரேதியான் நிறுவனத்தில் ரேடாருக்கான மேக்னட்ரான் குழாய் அருகே நின்ற பெர்சி ஸ்பென்சரின் சட்டைப்பையிலிருந்த சாக்லேட் உருகியது என்பார்கள். இரண்டு வருடம் கழித்து விற்பனைக்கு வந்த முதல் அவன் ஓர் ஆள் உயரம், 340 கிலோ. அதை எந்தச் சமையல் மேடை தாங்கும்?

3. தட்டு சுழல்வது அழகுக்கு அல்ல, இந்தத் திட்டுகளைச் சமாளிக்கத்தான். ஆனால் சின்னக் கிண்ணத்தைத் தட்டின் நட்ட நடுவில் வைத்தால் அது இருந்த இடத்திலேயே தன்னைத்தானே சுற்றிக்கொண்டு நிற்கும். அந்த இடம் சூடு குறைந்த திட்டாக இருந்தால் கதை முடிந்தது. ஓரத்தில் வையுங்கள், பலமான இடம், பலவீனமான இடம் எல்லாவற்றையும் சுற்றி வரும். நான்கு இட்லி என்றால் விளிம்பை ஒட்டி வட்டமாக அடுக்கி, நடுவைக் காலியாக விடுங்கள். கோழிக்கால் வைத்தால் சதைப் பகுதி வெளியே, எலும்பு நுனி உள்ளே. (சென்சார் அவன் வைத்திருப்பவர்கள் 10-ஆம் குறிப்பைப் படித்த பிறகு முடிவு செய்யவும்.)

4. சாதத்தைக் குவித்து வைக்காதீர்கள். பரப்பி, நடுவில் குழி பறித்து, ஒரு ஸ்பூன் தண்ணீர் தெளித்து மூடுங்கள். உப்புமா, பொங்கலுக்கும் இதே வேலைதான். இட்லிக்கு ஈரத்துணி.

5. மைக்ரோவேவ் உணவை உள்ளிருந்து வெளியே வேகவைக்கிறது என்று பலர் நம்புகிறார்கள். இல்லை. தண்ணீர்ப் பதம் உள்ள பண்டங்களில் அலை இரண்டு, மூன்று சென்டிமீட்டர் ஆழம் போவதற்குள் பெரும்பாலும் வலுவிழந்துவிடும். உப்பு சேர்ந்தால் இன்னும் குறைவு. அதற்கு மேல் உள்ளே போகிற சூடு, வழக்கமான அடுப்பில் போவதுபோல மெல்ல மெல்லப் பரவித்தான் போகவேண்டும். சாம்பாரில் கிழங்கு ஏன் குளிர்ந்தே கிடந்தது என்பதற்கு விடை இங்கே இருக்கிறது. உப்பும் புளியும் கலந்த குழம்பு முதலில் தன் பங்கை வாங்கிக்கொள்கிறது, கிழங்குக்கு மிச்சம்தான். பெரிய துண்டுகளை வைக்கும் முன் கரண்டியால் இரண்டாக உடைத்துவிடுங்கள். பாதி நேரத்தில் நிறுத்தி ஒருமுறை அடிவரை கிளறுங்கள். இந்த ஒரு கிளறலுக்கு ஈடான தொழில்நுட்பம் எந்த அவனிலும் இல்லை என்பது என் கட்சி.

6. எல்லாவற்றையும் முழுப் பவரில் வைப்பதுதான் நாம் செய்யும் பெரிய தப்பு. பழைய முறை அவன்களில் ‘50 சதவீதம்’ என்றால் அலையின் பலம் பாதியாவதில்லை. சில விநாடி முழுப் பலத்தில் ஓடி, சில விநாடி ஓய்ந்து, மறுபடி ஓடும். காது கொடுத்துக் கேளுங்கள்: விளக்கும் மின்விசிறியும் நிற்காமல் இருக்க, ‘உர்ர்’ என்ற கனத்த ஓசை மட்டும் வந்து வந்து போகும். ஓய்கிற அந்த விநாடிகளில்தான் ஓரத்துச் சூடு உள்ளே நகர்கிறது. இன்வெர்ட்டர் வகை அவன்கள் உண்மையிலேயே பலத்தைக் குறைத்து விடாமல் ஓட்டுகின்றன. பால்கோவா, பருப்பு போன்ற பொங்கி வழியும் சமாசாரங்களுக்கு அது சௌகரியம். கெட்டியான கூட்டு, பிரியாணி, லசான்யா எதுவானாலும் பாதிப் பவர், இரட்டிப்பு நேரம் என்று வைத்துப் பாருங்கள்.

7. மணி அடித்ததும் கதவைத் திறந்து எடுத்துவிடாமல், மூடியபடியே இரண்டு நிமிடம் விடுங்கள். சமையல் குறிப்புகளில் இதை எழுதினால் யாரும் மதிப்பதில்லை. ஆனால் சூடு சமமாகப் பரவுவதில் பாதி வேலை அந்த இரண்டு நிமிடத்தில்தான் நடக்கிறது, மின்சாரச் செலவே இல்லாமல்.

8. உறைந்த மீனோ கறியோ வைக்கும்போது ‘டீஃப்ராஸ்ட்’ பொத்தானைத்தான் அழுத்த வேண்டும். பனிக்கட்டி இந்த அலையை மிகக் குறைவாகத்தான் உள்வாங்கும். தண்ணீரோ ஆவலாக உள்வாங்கும். ஓரத்தில் கொஞ்சம் உருகித் தண்ணீரானதும் எல்லாச் சூட்டையும் அதுவே இழுத்துக்கொள்ளும். முழுப் பவரில் வைத்தால் வஞ்சிரத்தின் ஓரம் வெந்து வெளுக்க, நடு இன்னும் கல்லாக இருக்கும். குறைந்த பவரில் வைத்து, தேங்கும் தண்ணீரை அவ்வப்போது வடித்து, துண்டுகளைப் பிரித்துத் திருப்பிப் போடுங்கள். உருகியதும் உடனே சமைத்துவிடுங்கள்.

9. ஆவி பார்க்கும் சென்சார்: இந்த அவன்கள் உணவின் சூட்டை நேராக அளப்பதில்லை. வெளியேறும் காற்றில் ஈரப்பதம் சட்டென்று ஏறுகிறதா என்று பார்க்கின்றன. ஏறினால், ‘ஆவி வந்துவிட்டது, இனி இவ்வளவு நேரம் போதும்’ என்று கணக்குப் போட்டுத் திரையில் நிமிடத்தைக் காட்டும். நம் பாட்டிமார் இட்லிக் கொப்பரை விளிம்பில் ஆவி வருவதைப் பார்த்து அடுப்பைத் தணித்த அதே கணக்குதான். ஆகவே:

பாத்திரத்தை மூட வேண்டும், ஆனால் ஆவி போக ஓர் இடுக்கு விட வேண்டும். இறுக்கமாக மூடினால் ஆவி சென்சாரை எட்டாது, உணவு காய்ந்துபோகும். திறந்தே வைத்தால் ஆவி அளவில்லாமல் வந்து குழப்பும். நிமிடக் கணக்கு திரையில் வரும்வரை கதவைத் திறக்காதீர்கள். திறந்தால் சேர்ந்த ஆவி பறந்துவிடும். கண்ணாடித் தட்டும் கிண்ணத்தின் வெளிப்புறமும் துடைத்து உலர்ந்திருக்க வேண்டும். கழுவிய ஈரத்தோடு வைத்தால், அந்தத் தண்ணீரின் ஆவியைச் சாம்பாரின் ஆவி என்று நினைத்துச் சீக்கிரமே நிறுத்திவிடும். இரண்டு ஸ்பூன் பொரியலுக்கு இந்தப் பொத்தானைத் தொடாதீர்கள். அதிலிருந்து வரும் ஆவி போதாது.

10. அகச்சிவப்பு சென்சார்: சூடான எந்தப் பொருளும் கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்புக் கதிரை வெளியிடும். சுவரின் மேல் மூலையில் சின்ன ஓட்டை வழியாக இந்தச் சென்சார் அதைப் பார்த்துச் சூட்டைக் கணிக்கிறது. ஆவி சென்சாருக்கு நேர் எதிரான குணம் இதற்கு. மூடி போட்டால் மூடியின் சூட்டைத்தான் படிக்கும். எனவே கையேடு வேறு சொல்லாதவரை திறந்து வையுங்கள். ஓரத்தில் வைத்தால் பார்வை விலகிவிடலாம், நடுவில் வையுங்கள். ஒரு பண்டத்தைச் சூடாக்கி எடுத்த கையோடு இன்னொன்றை வைத்தால், சூடேறிய சுவரும் தட்டும் கணக்கைக் கெடுக்கும், சற்றே ஆறவிடுங்கள். எல்லாவற்றுக்கும் மேலாக, அது பார்ப்பது மேற்பரப்பை மட்டும். அடியில் என்ன நிலை என்று அதற்கும் தெரியாது. ஆகவே 5-ஆம் குறிப்பின் கரண்டியை எடுத்துக்கொண்டு வாருங்கள்.

11. சந்தேகமே வேண்டாம் என்றால் ஊசி வைத்த சமையல் தெர்மாமீட்டர் ஒன்று வாங்கிவிடுங்கள். மிச்சமான உணவைச் சூடாக்கும்போது உள்பகுதி 74 டிகிரி செல்சியஸைத் தொட வேண்டும் என்பது அமெரிக்க வேளாண் துறையின் அறிவுரை. நடுவில் ஒன்று, ஓரத்தில் ஒன்று, அடியில் ஒன்று என்று மூன்று இடத்தில் குத்திப் பாருங்கள். மூன்றில் குறைந்ததையே கணக்கில் எடுங்கள். அவன் ஓடும்போது அதை உள்ளே விடாதீர்கள். மைக்ரோவேவுக்கென்றே செய்து, அவனில் சொருகும் கம்பியோடு வருவது மட்டும் விதிவிலக்கு. கொரோனா காலத்தில் வாங்கிய நெற்றித் துப்பாக்கி இதற்கு உதவாது. உடல்சூடு பார்க்கும் முறையில் அது மனிதச் சூட்டின் எல்லைக்கு மேல் படிக்காது.

12. அதே தெர்மாமீட்டரால் அவனின் உண்மையான பலத்தையும் அறியலாம். அகன்ற கண்ணாடிப் பாத்திரத்தில் ஒரு லிட்டர் தண்ணீர் எடுத்துச் சூட்டைக் குறித்துக்கொள்ளுங்கள். முழுப் பவரில் சரியாக ஒரு நிமிடம் வைத்து, எடுத்ததும் கலக்கி மறுபடி அளங்கள். ஏறிய டிகிரியை 70-ஆல் பெருக்கினால் ஏறக்குறைய வாட் கணக்கு. 30 டிகிரி 41 ஆனால், 11 பெருக்கல் 70, அதாவது 770 வாட். உங்களுடையது 700, சமையல் குறிப்பு எழுதியவருடையது 900 என்றால், அவர் சொன்ன மூன்று நிமிடம் உங்களுக்கு நான்கு நிமிடமாவதில் வியப்பில்லை.

13. எவர்சில்வர் பாத்திரம் அலையைத் திருப்பி அனுப்பிவிடும். ஜரிகைக்கோடு போட்ட பீங்கான் கோப்பை தீப்பொறி பறக்கவிடும். இரண்டும் வேண்டாம்.

14. கைக்குழந்தைக்குப் பாலை இதில் சூடாக்கவே கூடாது. பாட்டிலைத் தொட்டால் வெதுவெதுப்பாக இருக்கும். உள்ளே ஒரு மடக்கு மட்டும் நாக்கைச் சுடும் அளவுக்கு இருக்கலாம். வெந்நீர்க் கிண்ணத்தில் பாட்டிலை நிற்க வைப்பதே சரி.

15. வெறும் தண்ணீரை வழவழப்பான புதுக் கண்ணாடிக் கோப்பையில் நீண்ட நேரம் வைத்தால், நூறு டிகிரியைத் தாண்டியும் குமிழி விடாமல் சாது போல நிற்கும். அதில் காபித்தூளைப் போட்டதும் பொங்கிக் கையில் தெறிக்கும். வைக்கும்போதே ஒரு மரக்கரண்டியை உள்ளே போட்டு வையுங்கள். ஓட்டோடு முட்டை வைப்பவர்களுக்குத் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை. ஒருமுறை வெடித்ததைத் துடைத்தவர்கள் மறுமுறை வைக்கமாட்டார்கள்.

16. வெளியே கிடந்து கெட்ட சாதத்தைச் சூடாக்கித் திருத்திவிட முடியாது. அரிசியில் இருக்கும் பேசில்லஸ் சீரியஸ் என்ற நுண்ணுயிரியின் வித்து, சாதம் வெந்த பிறகும் பிழைத்திருக்கும்; சாதம் வெளியே கிடந்தால் பெருகும்; அது விடும் ஒருவகை நஞ்சு கொதிநிலைச் சூட்டுக்கும் அசையாது. சமைத்த இரண்டு மணி நேரத்துக்குள் மிச்சத்தை ஃபிரிட்ஜில் வையுங்கள்.

17. உள்சுவரில் அட்டை போல ஒரு தகடு இருக்கும். மெக்கானிக்குகள் ‘மைக்கா ஷீட்’ என்பார்கள். அலை உள்ளே வரும் வாசல் அது. தாளிதம் தெறித்து எண்ணெய் படிந்தால் அந்த இடமே சுட்டுக் கருகும், பொறி பறக்கும். சென்சாரின் ஓட்டையில் பிசுக்கு ஏறினால் அதன் கணக்கும் தப்பும். அரை மூடி எலுமிச்சை பிழிந்த தண்ணீரை, மரக்கரண்டி போட்டு, நான்கு நிமிடம் கொதிக்கவிட்டு, ஆவியில் ஊறிய அழுக்கை மெல்லிய துணியால் துடைத்துவிடுங்கள். மைக்கா கருகி ஓட்டையாகிவிட்டால் மாற்றும்வரை அவனை ஓட்ட வேண்டாம். மாற்ற ஆளைக் கூப்பிடுங்கள். வெளிமூடியின் திருகுகளை மட்டும் நீங்களே கழற்றிப் பார்க்காதீர்கள். பிளக்கைப் பிடுங்கிய பிறகும், உள்ளே இருக்கும் கெப்பாசிட்டரில் ஆளையே கொல்லக்கூடிய மின்சாரம் தங்கியிருக்கும்.