பக்கத்து வீட்டு மாத்திரை நமக்கு ஆகுமா?

உடல்நலப் பாடம்: குடல் அழற்சி நோய்



குழுக் கூட்டத்தில் சேமிப்பு, கடன், வட்டி எல்லாம் பேசி முடித்த பிறகு உடம்பு பற்றியும் பேசுகிறோம். முட்டுவலி, சர்க்கரை, பிரஷர் என்றால் எல்லோரும் வாய் திறக்கிறோம். "வெளிக்கிப் போகும்போது ரத்தம் வருது" என்பதை மட்டும் யாரும் கூட்டத்தில் சொல்வதில்லை. கூட்டம் கலைந்த பிறகு, போகிற வழியில், காதோடு காதாகச் சொல்கிறோம். கேட்டவரும், "எங்க நாத்தனாருக்கும் இப்படித்தான் இருந்துச்சு. அந்த மாத்திரை ரெண்டு அட்டை மிச்சம் இருக்கு, தரேன்" என்கிறார். இந்த இதழின் பாடம் அந்த இரண்டு அட்டை மாத்திரையைப் பற்றியதுதான்.

இது என்ன நோய்?

கிருமியால் வரும் வயிற்றுப்போக்கு பெரும்பாலும் சில நாளில் நின்றுவிடும். அப்படி நிற்காமல் வாரக்கணக்கில் போய்க்கொண்டிருந்தால், ரத்தமும் சீதமும் கலந்து வந்தால், ராத்திரித் தூக்கத்திலிருந்து எழுந்து ஓட வேண்டியிருந்தால், எடை குறைந்துகொண்டே வந்தால், அது குடல் அழற்சி நோயாக இருக்கலாம். டாக்டர்கள் சுருக்கமாக ஐ.பி.டி. என்பார்கள். நம்மைக் காக்க வேண்டிய எதிர்ப்புச் சக்தியே நம் குடலைத் தாக்கிப் புண்ணாக்குவதுதான் இந்த நோய்.

இது ஒட்டுவாரொட்டி இல்லை. ஒரே தட்டில் சாப்பிட்டாலும் பரவாது. சாபமும் இல்லை, சமைத்தவரின் குற்றமும் இல்லை. அடியோடு ஒழிக்கும் மருந்து இன்னும் வரவில்லை. ஆனால் சரியான மருந்தால் கட்டுக்குள் வைத்து, வேலைக்குப் போகலாம், பிள்ளை பெறலாம், நன்றாக வாழலாம்.

இதில் முக்கியமாக இரண்டு வகை. ஒன்று அல்சரேட்டிவ் கோலைட்டிஸ். இது பெருங்குடலில் மட்டும் வரும். ஆசனவாய்க்கு மேலே தொடங்கி மேல்நோக்கிப் போகும். இன்னொன்று கிரோன்ஸ். இது வாய் முதல் ஆசனவாய் வரை எங்கும் வரலாம். சிறுகுடல் முடிகிற இடத்தில் அதிகம் வரும். குடல் சுவரை ஆழமாகப் புண்ணாக்கி, குடலைச் சுருக்கி அடைப்பையும் உண்டாக்கும்.

முதலில் நோயைப் பிரித்துப் பார்க்கணும்

ரத்தம் போனாலே "மூலம்" என்று நாமே முடிவு கட்டிவிடுகிறோம். சீதபேதியிலும் ரத்தம் போகும், புற்றுநோயிலும் போகும். நம் நாட்டில் இன்னொரு சிக்கலும் உண்டு. குடலில் வரும் காசநோயும் கிரோன்ஸ் நோயும் பார்வைக்கு ஒன்று போலவே இருக்கும். காசநோய் இருப்பவருக்குக் கிரோன்ஸ் என்று நினைத்து ஸ்டீராய்டு மாத்திரை கொடுத்தால் காசநோய் முற்றிவிடும். காசநோய் மருந்தைச் சாப்பிட்டால் கிரோன்ஸ் ஆறாது.

அதனால்தான் டாக்டர் மலப் பரிசோதனை, ரத்தப் பரிசோதனை, ஸ்கேன், கொலனோஸ்கோபி என்று எழுதுகிறார். கொலனோஸ்கோபி என்பது ஆசனவாய் வழியாகக் குழாய் விட்டுக் குடலைப் பார்ப்பது. அப்போதே சிறு சதை எடுத்துச் சோதிப்பார்கள். வெட்கப்பட்டு இதைத் தள்ளிப் போட வேண்டாம். குழாய் விட்டுப் பார்த்தால்தான் எந்த நோய், எந்த இடம் என்று தெரியும்.

ஒரே நோய், மூன்று பேர், மூன்று வைத்தியம்

மூன்று சகோதரிகள் இருப்பதாக வைத்துக்கொள்வோம்.

முதல் சகோதரிக்கு வயது 45. கோலைட்டிஸ், ஆனால் மலக்குடலில் மட்டும்தான் புண். இவருக்கு ஆசனவாயில் வைக்கிற மெசலமின் மருந்தே போதுமானதாக இருக்கலாம். மருந்து நேராகப் புண் உள்ள இடத்துக்கே போகிறது.

இரண்டாவது சகோதரிக்கு வயது 30. பெருங்குடல் முழுவதும் புண். ஒரு நாளைக்கு 8 முறை ரத்தமாகப் போகிறது, காய்ச்சலும் படபடப்பும் இருக்கிறது. இவரை வீட்டில் வைத்திருக்கவே கூடாது. ஆஸ்பத்திரியில் சேர்த்து, நரம்பில் ஸ்டீராய்டு ஊசி போட்டு, 3 நாளில் எப்படி இருக்கிறது என்று பார்ப்பார்கள். கேட்கவில்லை என்றால் வேறு மருந்து, இல்லையென்றால் அறுவை சிகிச்சை.

மூன்றாவது சகோதரிக்கு வயது 24. கல்யாணமாகி ஒரு வருஷம். சிறுகுடல் முடிவில் கிரோன்ஸ். குழந்தைக்கு ஆசைப்படுகிறார். இவருக்குத் தருகிற மருந்து குடலையும் காக்க வேண்டும், வயிற்றில் வரப்போகும் பிள்ளைக்கும் ஆகாததாக இருக்கக் கூடாது.

இப்போது மாத்திரையை மாற்றிப் பாருங்கள். முதல் சகோதரியின் மெசலமினை மூன்றாமவருக்குக் கொடுத்தால், கிரோன்ஸ் நோய்க்கு அதனால் பெரிய பலன் இல்லை. அதற்குள் குடல் சுருங்கிவிடலாம். இரண்டாமவர் வீட்டுக்கு வந்த பிறகு சாப்பிடும் ஸ்டீராய்டு மாத்திரையை முதலாமவர் வாங்கிச் சாப்பிட்டால், தேவையில்லாமல் சர்க்கரை ஏறும், எலும்பு பலம் குறையும். நோயின் பெயர் ஒன்றாக இருந்தாலும் மருந்து ஆளுக்கு ஆள் வேறு.

டாக்டர் என்னென்ன அளவு எடுக்கிறார்?

தையல் பயிற்சி எடுத்த நம் உறுப்பினர்களுக்குத் தெரியும், அளவு எடுக்காமல் ஜாக்கெட் தைக்க முடியாது. மருந்து எழுதவும் அளவு வேண்டும்:

1. எந்த வகை, குடலில் எந்த இடம், எவ்வளவு தூரம்?
2. ஒரு நாளைக்கு எத்தனை முறை, எவ்வளவு ரத்தம், காய்ச்சல் உண்டா?
3. ரத்தசோகை எவ்வளவு? ரத்தம் போய்க்கொண்டே இருந்தால் சிலருக்கு இரும்புச்சத்து மாத்திரை போதாது, நரம்பு வழியாக ஏற்ற வேண்டியிருக்கும்.
4. சர்க்கரை, காசநோய், மஞ்சள் காமாலை முன்பு வந்ததுண்டா?
5. கர்ப்பமா, தாய்ப்பால் கொடுக்கிறாரா, குழந்தை பெறும் எண்ணம் உண்டா?
6. முன்பு எந்த மருந்து கேட்டது, எது கேட்கவில்லை?
7. தொடர்ந்து வாங்க முடிகிற மருந்தா?

சில மருந்துகளை அறிவோம்

ஸ்டீராய்டு: சீக்கிரம் கேட்கும். அதனால்தான் ஆசை வந்து நாமே கடையில் வாங்கிச் சாப்பிடுகிறோம். இது தீ அணைக்கிற தண்ணீர் மாதிரி. தீ அணைந்த பிறகும் வீட்டுக்குள் ஊற்றிக்கொண்டே இருக்கக் கூடாது. சட்டென்று நிறுத்தவும் கூடாது. டாக்டர் சொல்கிறபடி கொஞ்சம் கொஞ்சமாகக் குறைக்கணும்.

அசத்தயோபிரின்: பலன் தெரிய 2, 3 மாதம் ஆகும். சிலருக்குப் பிறவியிலேயே உள்ள உடல்வாகால் இந்த மருந்து வெள்ளை அணுக்களை ஆபத்தாகக் குறைத்துவிடும். இந்த உடல்வாகு நம் நாட்டவரிடமும் உண்டு. அதனால் முதல் சில மாதங்களில் அடிக்கடி ரத்தம் சோதிக்கணும். காய்ச்சல் வந்தாலோ முடி கொத்துக் கொத்தாகக் கொட்டினாலோ அன்றைக்கே டாக்டரிடம் சொல்லணும்.

இன்ஃப்ளிக்சிமாப் போன்ற ஊசிகள்: மற்ற மருந்துக்குக் கேட்காதவர்களுக்கு உதவும். மறைந்திருக்கும் காசநோயைக் கிளப்பிவிடலாம் என்பதால், அதற்கான சோதனை முடித்த பிறகே போடுவார்கள்.

மெத்தோட்ரெக்சேட்: கர்ப்பிணிகளும் குழந்தைக்கு முயற்சி செய்பவர்களும் சாப்பிடக் கூடாது. வயிற்றுப் பிள்ளைக்கு ஊனம் உண்டாக்கும். அதே சமயம் "மாசமா இருக்கேன், எல்லா மாத்திரையும் நிறுத்திட்டேன்" என்பதும் தப்பு. மெசலமின் போன்ற பல மருந்துகளைக் கர்ப்பத்திலும் தொடரச் சொல்வார்கள். நோய் கிளம்புவதே தாய்க்கும் பிள்ளைக்கும் அதிக ஆபத்து. நோய் அடங்கிச் சில மாதம் ஆன பிறகு கருத்தரிப்பது நல்லது. கேட்டுவிட்டு முடிவு எடுங்கள்.

ஒரு எச்சரிக்கை. நடவு, களையெடுப்பு முடிந்து உடம்பு வலிக்கு டைக்ளோஃபினாக், ஐபுபுரோஃபென் போடுகிறோம். இவை குடல் புண்ணைக் கிளப்பிவிடலாம். ஊசி போடும் முன், "எனக்குக் குடல் புண் நோய் இருக்கு" என்று வாய்விட்டுச் சொல்லுங்கள்.

கடனும் வைத்தியமும்

"ரெண்டு மாசம் சாப்பிட்டேன், நல்லாயிடுச்சு, நிறுத்திட்டேன்" என்பது நாம் அடிக்கடி கேட்கிற பேச்சு. நிறுத்துவது பெரும்பாலும் அலட்சியத்தால் இல்லை, காசு இல்லாமல்தான். பிள்ளைகளின் பள்ளிச் செலவு முதலில், அம்மாவின் மாத்திரை கடைசியில். ஆனால் நோய் மறுபடி கிளம்பினால் ஆஸ்பத்திரியில் சேர வேண்டும், கூலி போகும், குழுவில் அவசரக் கடன் வாங்க வேண்டும். மாதாமாதம் மாத்திரை வாங்கும் செலவைவிட இது பெரிது.

எனவே கை காலியாவதற்கு முன்பே டாக்டரிடம், "இது எனக்குக் கட்டுப்படியாகலை, விலை குறைந்த மருந்து உண்டா?" என்று கேளுங்கள். அதுவும் அவர் எடுக்க வேண்டிய அளவுகளில் ஒன்றுதான். அரசு மருத்துவமனையில் எது இலவசமாகக் கிடைக்கும், மக்கள் மருந்தகத்தில் எது குறைந்த விலைக்குக் கிடைக்கும், முதலமைச்சர் காப்பீட்டு அட்டையில் எது அடங்கும் என்று விசாரியுங்கள். முதலில் ஆரம்ப சுகாதார நிலைய டாக்டரைப் பார்த்து, அவர் எழுதிக் கொடுக்கும் சீட்டோடு மாவட்டத்தில் உள்ள அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குப் போகலாம்.

ஒரு நோட்டு போடுவோம்

குழுக் கணக்கை நோட்டில் எழுதுகிற நாம் குடல் கணக்கையும் எழுதலாம். தினமும் எத்தனை முறை போனது, ரத்தம் உண்டா, என்ன மாத்திரை சாப்பிட்டோம், மாதம் ஒரு முறை எடை எவ்வளவு என்று குறியுங்கள். எழுதத் தெரியாதவர் கோடு போடலாம், மகளிடம் சொல்லி எழுதலாம். பழைய சீட்டு, ரிப்போர்ட் எல்லாம் ஒரே பையில் இருக்கட்டும். ஐந்து நிமிஷம் பார்க்கிற டாக்டருக்கு இந்த நோட்டு மூன்று மாதக் கதையைச் சொல்லிவிடும். நோய் தொடங்கி 8 வருஷம் ஆன கோலைட்டிஸ்காரர்கள், நன்றாக இருந்தாலும் கொலனோஸ்கோபி பற்றிக் கேளுங்கள். புற்றுநோய் வந்தால் சீக்கிரம் கண்டுபிடிக்க அது உதவும்.

உடனே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டியது எப்போது?

* ஒரு நாளைக்கு 6 முறைக்கு மேல் ரத்தத்தோடு போய், கூடவே காய்ச்சலோ நெஞ்சுப் படபடப்போ இருந்தால்
* வயிறு உப்பி, கடுமையாக வலித்து, வாந்தி எடுத்தால்
* மயக்கம் வந்தால்

குழுக் கூட்டத்தில் கலந்து பேச

1. ரத்தம் போவதை வெளியே சொல்ல நம்மைத் தடுப்பது எது? யாரிடம் முதலில் சொல்லலாம்?
2. ஒருவர் மாத்திரையை இன்னொருவருக்குக் கொடுத்த அனுபவம் நம் ஊரில் உண்டா? என்ன ஆனது?
3. தொடர்ந்து மருந்து சாப்பிடும் உறுப்பினருக்கு, நோய் முற்றிய பிறகு பெரிய கடன் தருவதற்குப் பதில், மாதாமாதம் சிறு தொகை தர நம் குழுவில் வழி செய்ய முடியுமா?

மூன்றாவது கேள்விக்கு எடுக்கும் முடிவைத் தீர்மான நோட்டில் எழுதி, கூட்டமைப்புக் கூட்டத்துக்குக் கொண்டு வாருங்கள்.