கற்படுக்கையில் ஓர் ஊர்ப்பெயர்

முன்னோர் வாழ்ந்த இடம் என்றவுடன் நம் இல்லங்களில் வந்தவாசியும் மேல்சித்தாமூரும் பேசப்படும். திருச்சிராப்பள்ளிக்குத் தெற்கே நமக்கென்ன உறவு என்று வினவுவோர் உண்டு. மருங்காபுரியில் ஆசிரியையாகப் பணியாற்றிய நாளில் நானும் அவ்வாறே எண்ணியிருந்தேன்.

மருங்காபுரியிலிருந்து விராலிமலை வந்து, அன்னவாசல் சாலையில் திரும்பினால் சித்தன்னவாசல். ஆசிரியப் பயிற்சி பெற்ற காலத்தில் அங்கே சுற்றுலா சென்றோம். (அப்போது அது திருச்சி மாவட்டம், 1974இல்தான் புதுக்கோட்டை தனி மாவட்டமாயிற்று.) அறிவர் கோயிலின் தாமரைக்குள ஓவியத்தைக் கண்டோம், புளியோதரைப் பொட்டலத்தைப் பிரித்தோம், திரும்பிவிட்டோம். குன்றின் மேலுள்ள ஏழடிப்பட்டத்திற்கு ஏறவில்லை. இன்று ஏற விரும்பினாலும் முழங்கால் இடந்தருவதில்லை.

அங்கே துறவியர்க்கென வழவழப்பாகச் செதுக்கிய கற்படுக்கைகள் உள்ளன. சிலவற்றில் தலையணைபோல் மேடும் உண்டு. அவற்றுள் ஒன்றில் ஏறத்தாழ 2,000 ஆண்டுகட்கு முற்பட்ட தமிழி எழுத்து காணப்படுகிறது. எருமிநாட்டுக் குமுழூரில் பிறந்த ஒருவர்க்குச் சிறுபோசில் இளயர் என்பார் அமைத்த இருக்கை என்பது அதன் பொருள். எருமிநாட்டை மைசூர்ப் பகுதி என அறிஞர் கருதுவர். உடைமை யாவும் துறந்தவர்க்கு உற்றார் எவரும் குறிக்கப்படவில்லை. பிறந்த ஊர் கல்லில் நிற்கிறது. அமைத்தவரும் தம் பெயரை விட்டுச் சென்றார். ஓவியத்தைவிட இவ்வெழுத்தையே நான் பெரிதாக மதிக்கிறேன்.

கோயிலருகே 9ஆம் நூற்றாண்டுப் பாண்டியர் காலக் கல்வெட்டும் உண்டு. முன்மண்டபம் எடுப்பித்துத் திருப்பணி செய்த இளங்கௌதமனை அது மதுரை ஆசிரியன் என்கிறது. ஆசிரியத் தொழிலில் உழைத்த எனக்கு அச்சொல்லைக் கண்டபோது உண்டான மகிழ்ச்சியைச் சொல்லி முடியாது.

கூரை ஓவியம் பெரும்பாலும் உதிர்ந்துவிட்டது. எனவே செல்வோர் சுவரைத் தொடுதல் கூடாது. பிள்ளைகளுக்கு இதை முன்னரே கூறுக. வெயில் ஏறினால் பாறை சுடும், காலையிலேயே செல்க. கல்வெட்டுச் செய்தியை வீட்டிலேயே படித்துக்காட்டி அழைத்துச் செல்லுதல் நன்று. இல்லையேல் அவர்கள் காண்பது வெறும் பாறையே.

சென்ற ஆண்டு பேரனுடன் சென்றேன். நான் அடிவாரத்து மரநிழலில் அமர்ந்தேன். படுக்கைகளை எண்ணி வரச் சொல்லி அவனை அவன் தந்தையுடன் அனுப்பினேன். இறங்கி வந்தவன், "பாட்டி, பதினேழு" என்றான். பிறகு, "குமுழூர் இப்போது எங்கே இருக்கிறது?" என்று கேட்டான்.