அணைத்த பிறகும் சுழலும் விசிறி

வெப்ப விரிவு பாடம் நடத்தும்போது, ஈருலோகப் பட்டைக்கு எடுத்துக்காட்டாக நான் எப்போதும் இஸ்திரிப் பெட்டியைத்தான் சொல்வேன். சூடானால் பட்டை வளையும், மின்சுற்று துண்டிக்கப்படும்; ஆறினால் நிமிரும், மீண்டும் இணையும். மாணவர்களும் ‘சூடானால் சுவிட்ச் அணையும்’ என்று எழுதிக்கொள்வார்கள்.

இந்த ஆண்டு ஒரு மாணவி எழுந்து கேட்டாள். அவளுடைய அம்மா வீட்டிலேயே கேக் செய்து விற்பவர். “சார், எங்க ஓவனை ஆஃப் பண்ணின பிறகும் ஃபேன் ஓடிக்கிட்டே இருக்கு. சூடானா அணையணும்தானே?”

“ஏதாவது பழுதா இருக்கும்மா” என்று சொல்லிவிட்டேன். சில நாள் கழித்து, “அம்மா இப்பல்லாம் உடனே பிளக்கைப் பிடுங்கிடறாங்க சார்” என்றாள். யோசிக்காமல் சொன்ன பதில் ஒரு வீட்டின் வழக்கத்தையே மாற்றிவிட்டது. அன்று மாலையே மின்சாதனங்கள் பழுதுபார்க்கும் நண்பர் ஒருவரிடம் போனேன்.

அவர் நாணயம் அளவுள்ள ஒரு வெப்பச் சுவிட்சைக் காட்டினார். உள்ளே லேசாகக் குழிந்த ஈருலோக வில்லை ஒன்று இருக்கிறது. குறிப்பிட்ட வெப்பநிலை வந்ததும் அது ‘டக்’கென்று எதிர்ப்பக்கம் குழிகிறது. அந்த அசைவு தொடுமுனைகளைப் பிரிக்கவும் செய்யலாம், சேர்க்கவும் செய்யலாம். இஸ்திரிப் பெட்டியில் சூடு பிரிக்கிறது. ஓவனின் விசிறிச் சுவிட்சில் சூடு சேர்க்கிறது. நான் இத்தனை ஆண்டுகள் பாதியை மட்டுமே நடத்தியிருக்கிறேன்!

இந்த விசிறி கேக்கைச் சுற்றிச் சூடான காற்றைச் சுழற்றும் உள்விசிறி அல்ல. வேகும் அறைக்கு வெளியே இருந்து மின்கம்பிகள், கட்டுப்பாட்டுப் பலகை, குமிழ்கள், கதவு ஆகியவற்றைக் குளிர்விப்பது. ஓவனை அணைத்ததும் உள்ளிருக்கும் சூடு மறைந்துவிடாது. மெல்ல வெளிப்பக்கம் கசியும். அதனால்தான் குமிழை அணைத்தாலும் விசிறிக்கு மின்சாரம் கிடைக்கும்படி இந்தச் சுவிட்ச் தனியாக இணைக்கப்பட்டிருக்கிறது. பிளக்கைப் பிடுங்கினால் அந்த வழியும் அடைபடும். சூடு கட்டுப்பாட்டுப் பலகையைத் தாக்கும்.

இன்னொரு நுட்பமும் உண்டு. சுவிட்ச் இணையும் வெப்பநிலையைவிட, பிரியும் வெப்பநிலை குறைவு. 70°C-இல் இணையும் ஒன்று 55°C-இல் பிரிவதாக வைத்துக்கொள்வோம். இரண்டும் ஒன்றாக இருந்தால் விசிறி நொடிக்கொரு முறை ஓடுவதும் நிற்பதுமாக இருக்கும்.

மறுநாள் வகுப்பில் முதலில் என் தவற்றைச் சொன்னேன். பிறகு ஒரு கணக்கு. 10 செ.மீ. பித்தளைப் பட்டை 100°C சூடேறினால் சுமார் 0.19 மி.மீ. நீளும், இரும்புப் பட்டை சுமார் 0.12 மி.மீ. நீளும். வேறுபாடு 0.07 மி.மீ.தான். இரண்டையும் ஒட்டிவிட்டால் அந்தச் சிறு வேறுபாடே கண்ணுக்குத் தெரியும் வளைவாகிறது.

அடுத்து ஒரு செயல்பாடு. ஒரு விரல் அகலக் காகிதப் பட்டையில் சமையலறை அலுமினியத் தாளை ஒட்டி, நுனியில் தாளைக் காகிதப் பக்கமும் மடித்துவிட்டோம். அலுமினியம் கீழே இருக்கும்படி பட்டையை ஒரு முனையில் பொருத்தினோம். நுனிக்குக் கீழே ஒரு கம்பி, மேலே சற்று இடைவெளியில் இன்னொரு கம்பி. இரண்டு டார்ச் செல்கள், மின்தடையுடன் இரண்டு எல்.இ.டி. விளக்குகள். ஆறிய நிலையில் நுனி கீழ்க்கம்பியைத் தொட்டதால் ‘சூடேற்றி’ விளக்கு எரிந்தது. மெழுகுவத்தியை நான் சற்றுக் கீழே பிடித்ததும் பட்டை மேல்நோக்கி வளைந்தது. அந்த விளக்கு அணைந்து, ‘விசிறி’ விளக்கு எரிந்தது. அலுமினியம் விரிவதோடு, காகிதம் உலர்ந்து சற்றுச் சுருங்குவதும் இதற்குத் துணை. ஒரே பட்டை, இரண்டு வேலை. வீட்டுச் சாதனங்களைத் திறந்து பார்க்கக் கூடாது என்பதையும் அப்போதே சொல்லிவிட வேண்டும்.

இப்போது என் மாணவர்களின் குறிப்பேட்டில் ‘சூடானால் பட்டை வளையும், சுற்று பிரிவதும் இணைவதும் தொடுமுனை எந்தப் பக்கம் என்பதைப் பொறுத்தது’ என்று இருக்கிறது. அந்த மாணவியின் அம்மா, விசிறி தானாக நிற்கும்வரை பிளக்கைத் தொடுவதில்லையாம்.