பழைய கேஸ் அடுப்பு: எதை நாமே சரி செய்யலாம், எதில் கை வைக்கக் கூடாது?



நம் குழு அக்கா ஒருவர் புது அடுப்பு வாங்க உள்கடன் கேட்டார். "தீ மஞ்சளா எரியுது, பாத்திரமெல்லாம் கரி, சிலிண்டரும் சீக்கிரம் தீர்ந்துடுது" என்றார். நேரில் போய்ப் பார்த்தோம். பொங்கி வழிந்த பாலும் கஞ்சியும் காய்ந்து பர்னர் ஓட்டைகளை அடைத்திருந்தன. சுத்தம் செய்து மாட்டியதும் தீ நீலமாக வந்தது. கடன் தேவைப்படவில்லை.

ஆனால் அடுப்புக்குப் பின்னால் டியூப் வெடிப்பு விட்டு, மேலே துணி சுற்றியிருந்தது. பார்த்ததும் நெஞ்சு பதறியது. காசே ஆகாத கோளாறுக்குக் கடன் கேட்டவர், உயிரைக் காக்கும் டியூப்பை அப்படியே விட்டிருந்தார். அன்றே புது டியூப் மாட்ட வைத்தோம்.

2007 முதல் தமிழக அரசு இலவசமாகக் கொடுத்த அடுப்புகூட சில வீடுகளில் இன்னும் எரிகிறது. பழைய அடுப்பு தப்பில்லை. எங்கே சிக்கனம், எங்கே கூடாது என்று தெரிய வேண்டும்.

நாமே செய்யலாம்

* முதலில் ரெகுலேட்டரை மூடி, அடுப்பை ஆற விடுவோம்.
* பர்னரை எடுத்து சோப்புத் தண்ணீரில் ஊற வைத்து, பழைய பல் பிரஷால் தேய்ப்போம். பித்தளை என்றால் புளியும் போடலாம். ஓட்டைகளை ஊசியால் குத்தி எடுப்போம்.
* வெயிலில் நன்றாகக் காய்ந்த பிறகே மாட்டுவோம். ஈரம் இருந்தால் தீ சரியாக நிற்காது. பர்னர் சாயாமல் உட்கார்ந்திருக்கிறதா என்றும் பார்ப்போம்.

கோளாறு எங்கே?

ஒரு பக்கம் மட்டும் தீ குறைந்தால் அந்தப் பக்க பர்னரிலோ ஜெட்டிலோ அடைப்பு இருக்கும். இரண்டு பக்கமும் குறைந்தால் சிலிண்டர் தீரப் போகிறதா, டியூப் மடங்கியிருக்கிறதா என்று பார்ப்போம். இரண்டும் இல்லையென்றால் ரெகுலேட்டரைக் காட்ட வேண்டும்.

மெக்கானிக்கிடம் விட வேண்டியவை

இறுகிப் போன திருகு, ஜெட், ரெகுலேட்டர். ஜெட்டை ஊசியால் குத்தினால் ஓட்டை பெரிதாகி கேஸ் வீணாகும்.

சிக்கனம் கூடவே கூடாது

* ஐ.எஸ்.ஐ. முத்திரை உள்ள, உள்ளே கம்பி வலை வைத்த டியூப்தான் வாங்க வேண்டும். வெடிப்பு தெரிந்தால் உடனே மாற்றுவோம். தெரியாவிட்டாலும் 5 வருடத்துக்கு ஒரு முறை மாற்றுவோம். துணி சுற்றுவது, ஒட்டுப் போடுவது வேண்டாம்.
* சிலிண்டர் வரும்போது வாயில் உள்ள ரப்பர் வாஷரையும் கசிவையும் கொண்டு வருபவரையே பார்க்கச் சொல்வோம்.
* கசிவு சந்தேகம் என்றால் இணைப்புகளில் சோப்பு நுரை தடவுவோம். குமிழி வந்தால் கசிவு. தீக்குச்சி கொளுத்திப் பார்க்கவே கூடாது.

கேஸ் வாசனை வந்தால்

எரிகிற அடுப்பையும் விளக்கையும் அணைத்து, ரெகுலேட்டரை மூடுவோம். கேஸ் காற்றைவிடக் கனமானது, தரையோடு தங்கும். அதனால் கதவு, ஜன்னல் எல்லாம் திறப்போம். ஸ்விட்சைப் போடவும் வேண்டாம், அணைக்கவும் வேண்டாம். பிள்ளைகளோடு வெளியே வந்து, அங்கிருந்து 1906 எண்ணுக்குப் போன் செய்வோம். 24 மணி நேரமும் எடுப்பார்கள். வீட்டு ஆண்களுக்கும் பிள்ளைகளுக்கும் இதைச் சொல்லிக் கொடுப்போம்.

காசுக்கு என்ன வழி?

மாதம் 5 ரூபாய் தனியாக எடுத்து வைத்தால் 5 வருடத்தில் 300 ரூபாய் சேரும். டியூப் செலவுக்குக் கை கொடுக்கும். அவசரம் என்றால் உள்கடன் இருக்கவே இருக்கிறது. புது அடுப்புக் கடனைவிட இது சின்னக் கடன்.

அடுத்த கூட்டத்தில் பேசுவோம்

1. நம் வீட்டு டியூப்பை எப்போது மாற்றினோம்?
2. நம் குழுவில் யார் வீட்டு அடுப்பு மஞ்சளாக எரிகிறது?
3. டியூப் மாற்ற முடியாத உறுப்பினருக்கு இந்த மாதமே குழு என்ன செய்யலாம்?

பதிலைத் தீர்மான நோட்டில் எழுதி வைப்போம்.