ஐப்பசி பிறக்குமுன் டயரின் தேதியைப் பாருங்கள்

வடகிழக்குப் பருவமழை தமிழ்நாட்டில் வழக்கமாக அக்டோபர் மூன்றாம் வாரத்தில் தொடங்கி டிசம்பர் வரை பெய்யும். மாநிலத்தின் ஆண்டு மழையில் ஏறத்தாழப் பாதி இந்த மூன்று மாதங்களில்தான் கொட்டுகிறது. தீபாவளி விடுமுறையும் இதற்குள்ளேயே வருவதால், ஸ்போர்ட் டூரர் வைத்திருப்பவர்கள் பெட்டி கட்டிக்கொண்டு நெடும்பயணம் கிளம்புவதும் இதே சமயத்தில்தான். கிளம்புமுன் வண்டிக்குச் செலவு செய்கிறார்கள், அதில் குறையில்லை. ஆனால் பணம் டாப் பாக்ஸுக்கும் ஆக்ஸ் லைட்டுக்கும் எக்ஸாஸ்டுக்கும் போய்விட்டு, டயர் முறை வரும்போது ‘அடுத்த வருஷம் பார்த்துக்கலாம்’ என்று நின்றுவிடுகிறது. இந்த ஆண்டு அந்த வரிசையை மாற்றுங்கள். டயருக்கு வயது ஐந்தைத் தாண்டியிருந்தால், பட்டன் எவ்வளவு மிச்சம் இருந்தாலும், மழைக்கு முன் கழற்றிவிடுங்கள்.

வழக்கமான வேலைகளை முதலில் முடித்துவிடலாம். பிரேக் ஆயில் மாற்றி இரண்டு வருடம் ஆகியிருந்தால் மாற்றவும். அது காற்றின் ஈரத்தை உறிஞ்சிக்கொள்ளும். பிரேக் பேடின் கனத்தைப் பார்க்கவும். மழையில் ஓட்டி வந்த அன்றே செயினைத் துடைத்து லூப் அடிக்கவும். ஹெல்மெட் வைசர் கீறியிருந்தால் புதிது வாங்கவும். இரவு மழையில் எதிர் வண்டியின் வெளிச்சம் அந்தக் கீறல்களில் சிதறிக் கண்ணை மறைக்கும். ஆக்ஸ் லைட்டை ரிலேவும் ஃபியூஸும் இல்லாமல் ஹெட்லைட் ஒயரைக் கீறி இணைத்திருந்தால், பிரித்து ஒழுங்காகப் போடச் சொல்லவும். டாப் பாக்ஸில் ஒட்டியிருக்கும் எடை வரம்பை மீற வேண்டாம். கனமான சாமான் பேனியரில், கீழே. பின்சக்கரத்துக்குப் பின்னால், உயரத்தில் ஏற்றும் ஒவ்வொரு கிலோவும் முன்சக்கரத்தை லேசாக்கும்.

இனி டயர். பக்கச் சுவரில் ‘டிஓடி’ என்று தொடங்கும் எழுத்து வரிசையைத் தேடுங்கள். அதன் கடைசியில், பெரும்பாலும் ஒரு சிறு நீள்வட்டத்துக்குள், நான்கு இலக்கங்கள் இருக்கும். 2319 என்றிருந்தால் அந்த டயர் 2019-ஆம் ஆண்டின் 23-ஆவது வாரத்தில் செய்யப்பட்டது. ஒரு பக்கம் காணவில்லை என்றால் மறுபக்கம் குனிந்து, டார்ச் அடித்துப் பாருங்கள்; இலக்கங்கள் ஒரு பக்கம் மட்டுமே இருக்கலாம். அப்படியே பட்டன் இடுக்குகளின் அடியிலும் வெளிச்சத்தைக் காட்டுங்கள். மயிரிழை போன்ற வெடிப்புகள் தெரிந்தால் தேதிகூடப் பார்க்க வேண்டாம். கட்டைவிரல் நகத்தால் அழுத்துங்கள்: நல்ல ரப்பர் சற்றே இடம்கொடுக்கும், முதிர்ந்த ரப்பர் தேய்ந்த செருப்பின் அடிபோல வழவழவென்று மறுக்கும்.

வயதுக்கு ஏன் இவ்வளவு அழுத்தம் கொடுக்க வேண்டும்? தார்ச்சாலை சமதளமாகத் தெரிந்தாலும் அதன் மேற்பரப்பு முழுக்க நுண்ணிய மேடுபள்ளங்கள். ரப்பர் நெகிழ்ந்து அவற்றுக்குள் இறங்கிப் பிடிப்பதால்தான் டயர் சாலையைப் பற்றுகிறது. வெயிலும் ஓசோனும் ஆண்டுக்கணக்கில் பட்டு, உள்ளிருக்கும் எண்ணெய்ப்பதம் வற்றி, ரப்பர் இறுகும்போது இந்த நெகிழ்வு போய்விடுகிறது. உலர்ந்த, சூடான சாலையில் இது அவ்வளவாகத் தெரியாது. ஈரத்தில் ரப்பருக்கும் சாலைக்கும் நடுவே நீர்ப்படலம் வந்துவிடுகிறது. அதைக் கிழித்துக்கொண்டு மேடுபள்ளத்துக்குள் இறங்கும் திறன் ஒன்றையே நம்பி வண்டி நிற்கிறது. இறுகிப்போன ரப்பரிடம் இல்லாதது அதுதான். சித்திரை, வைகாசியில் ஒரு குறையும் காட்டாத டயர் ஐப்பசியின் முதல் தூறலில் வழுக்குவதற்குக் காரணம் இது. வார இறுதியில் மட்டும் வெளியே வரும் வண்டிகளுக்கே இந்த ஆபத்து அதிகம். ஆண்டுக்கு 2,000, 3,000 கிலோமீட்டர் ஓடும் வண்டியில் டயர் தேய்வதற்கு முன்பே கிழடாகிவிடுகிறது. ஐந்து ஆண்டுக்குப் பிறகு ஆண்டுதோறும் சோதிக்க வேண்டும், பத்து ஆண்டுக்கு மேல் கூடவே கூடாது என்று டயர் நிறுவனங்களே சொல்கின்றன. நம் ஊர் வெயிலில் பத்து வரை காத்திருப்பது அறிவுடைமை அல்ல. ‘பட்டன் நிறைய இருக்கு சார்’ என்ற பதில் இனி வேண்டாம். பட்டன் தண்ணீரை வெளியேற்றும், பிடிப்பது ரப்பர். தேதியைப் பாருங்கள்.

‘ஏபிஎஸ் இருக்கிறதே’ என்பார்கள். 2019 ஏப்ரல் முதல் 125 சிசிக்கு மேற்பட்ட எல்லாப் புது வண்டியிலும் அது கட்டாயம். நிஞ்ஜா 1000 எஸ்எக்ஸ் போன்றவற்றில் வளைவில் சாய்ந்திருக்கும்போது பிரேக் பிடித்தாலும் கணக்கிட்டு இயங்கும் வகை வருகிறது. அருமையான சாதனம்தான். ஆனால் இருக்கிற பிடிப்பை வீணாக்காமல் பயன்படுத்துவதே அதன் வேலை; இல்லாத பிடிப்பை அது உண்டாக்காது. மணிக்கு 80 கிலோமீட்டர் என்பது விநாடிக்கு 22 மீட்டர். உராய்வுக் குணகம் 0.7 என்று வைத்தால், பிரேக் பிடித்த இடத்திலிருந்து வண்டி நிற்க ஏறத்தாழ 36 மீட்டர் ஆகும். அதுவே 0.4-க்கு இறங்கினால் 63 மீட்டர். சக்கரம் பூட்டாது, வண்டி சாயாது. ஆனால் 27 மீட்டர் கூடுதலாக ஓடும். அந்த 27 மீட்டருக்குள் லாரி நின்றிருந்தால் ஏபிஎஸ் என்ன செய்யும்?

‘சட்டப்படி சரியாகத்தான் இருக்கிறது’ என்பது அடுத்த வாதம். மோட்டார் வாகன விதிகள் இருசக்கர வண்டிக்கு 0.8 மில்லிமீட்டர் பட்டன் ஆழம் இருந்தால் போதும் என்கின்றன. அது அபராதத்துக்கான கோடு. பாதுகாப்புக்கான கோடு அல்ல. சென்னை–திருச்சி போன்ற நேர்ச்சாலையிலேயே ஓடிய பின்டயர் நடுவில் தட்டையாகி, ஓரங்களில் புதிதுபோல இருக்கும். அதே டயரோடு கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவுகளில் ஏறினால், ஒவ்வொரு முறை சாயும்போதும் வண்டி அந்தத் தட்டையின் விளிம்பைத் தாண்டி வெடுக்கென்று விழும். ஈரச்சாலையில் அந்த வெடுக்கை நம்பிச் சாய்க்காதீர்கள்.

மழையில் பிடிப்புக்காகக் காற்றைக் குறைப்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள். தயவுசெய்து நிறுத்துங்கள். டயர் தண்ணீர்மேல் மிதக்கத் தொடங்கும் வேகம் காற்றழுத்தத்தின் வர்க்கமூலத்தைப் பொறுத்து உயர்கிறது என்று 1960களில் விமான டயர்களை வைத்து நாசா காட்டியது. காற்று குறைந்தால் குறைந்த வேகத்திலேயே மிதக்கும். கூடவே பட்டன் இடுக்குகள் நெருங்கி நீர் வெளியேறும் வழி அடைபடும். வண்டியின் கையேட்டில் உள்ளதை, டயர் சூடாகும் முன் பிடியுங்கள். நிஞ்ஜா 1000 எஸ்எக்ஸுக்கு முன்னே 36, பின்னே 42.

விலையைப் பற்றிய தயக்கம் நியாயமானது. 120/70, 190/50 அளவில் நல்ல டூரிங் டயர் ஒரு ஜோடி வாங்கினால் கை கடிக்கும். ஆனால் இந்த வண்டிக்குச் செய்யக்கூடிய மேம்பாடுகளில் பிரேக், வளைவு, ஈரம் மூன்றையும் ஒரே நேரத்தில் தொடுவது இது ஒன்றுதான். ஈரப்பிடிப்புக்காகச் சிலிக்கா சேர்த்த, நடுவில் கெட்டியும் ஓரத்தில் மென்மையுமான இரட்டைக் கலவை டயர்கள் கிடைக்கின்றன. எக்ஸாஸ்ட் மாற்றினால் சத்தம் மாறும். மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவோடு மல்லுக்கு நிற்க நேரலாம். நிற்கும் தூரம் ஒரு மீட்டர்கூடக் குறையாது.

புரட்டாசிக்குள் செய்யச் சொல்வதற்குக் காரணம் உண்டு. இந்த அளவு டயர்களைச் சிறு ஊர்க் கடைகள் இருப்பில் வைப்பதில்லை. ஆர்டர் போட்டால் வர நாளாகும். வந்ததும் ரிம்மில் ஏற்ற விடாதீர்கள். முதலில் நான்கு இலக்கத்தைப் பாருங்கள், பழைய சரக்கு என்றால் திருப்பி அனுப்புங்கள். புதுடயரின் மேற்பரப்பும் முதல் 150 கிலோமீட்டர் வரை வழுக்கும். பிறகே முழுப் பிடிப்புக்கு வரும். அந்த 150-ஐ உலர்ந்த சாலையில், மெல்ல மெல்லச் சாய்த்து, திடீர் பிரேக்கும் முறுக்கும் இல்லாமல் ஓட்டி முடியுங்கள். மழை தொடங்கிய பிறகு மாற்றினால் அந்த 150-ஐயும் ஈரத்தில்தான் ஓட்ட வேண்டிவரும்.